ஏரி எப்படி தி.நகர் ஆச்சு? சென்னையில் ஒரு ஏரியா மாறும்போது யார் தங்குகிறார்கள், யார் கிளம்புகிறார்கள்?

தி.நகரில் தீபாவளிக்குத் துணி எடுக்க வந்த ஒருவரை நிறுத்தி, "நீங்க நிக்கிறது ஏரிக்குள்ள" என்று சொன்னால், சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். ஆனால் அது உண்மைதான். நூறு வருடத்துக்கு முன்பு வரை அங்கே இருந்தது ஒரு பெரிய ஏரி.

பெரம்பூரில் மில் சங்கு ஊதிய இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழும்புகின்றன. ஊருக்கு வெளியே இருந்த கோயம்பேடு நகரின் நடுவுக்கு வந்துவிட்டது. பேரூராட்சியாக இருந்த பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

"காலம் மாறுது, ஏரியாவும் மாறுது" என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் எந்த ஏரியாவும் தானாக மாறுவதில்லை. யாரோ, எங்கோ, ஒரு முடிவு எடுக்கிறார்கள். ஏரியைத் தூர்க்கலாம், மில்லை மூடலாம், மார்க்கெட்டை இடம் மாற்றலாம், கட்டட விதியைத் திருத்தலாம். அதன் பலனோ பாதிப்போ அங்கே குடியிருப்பவர்களுக்கு 10, 20 வருடம் கழித்துத்தான் முழுதாகத் தெரிகிறது.

அந்த முடிவுகள் என்ன? அதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? சென்னையின் சில ஏரியாக்களை வைத்தே பார்க்கலாம்.

தி.நகர்: ஏரி, வீடு, கடை

நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்தது 'லாங் டேங்க்' என்ற நெடிய ஏரி. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தும் அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

1920-களில் சென்னையின் மக்கள் தொகை கூடியது. வீடு கட்ட நிலம் வேண்டும். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி. ஏரியை வற்ற வைத்து, மனை பிரித்து, ஒரு புது நகரை உருவாக்க முடிவானது. அதுதான் தியாகராய நகர்.

நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர் நகருக்கு வந்தது. முதலமைச்சராக இருந்த பனகல் ராஜா பெயர் பூங்காவுக்கு வந்தது. உஸ்மான் சாலை, நாயர் சாலை என்று தெருப் பெயர்களைப் படித்தாலே எந்தக் காலத்தில் உருவான நகர் என்று தெரிந்துவிடும்.

முதலில் அது வீடுகளுக்கான ஏரியாதான். தோட்டத்துடன் கூடிய தனி வீடுகள், அகலமான தெருக்கள், நடுவில் பூங்கா. பின்னாளில் காமராஜர், சிவாஜி கணேசன் போன்றவர்கள் வசித்ததும் இங்கேதான்.

அப்புறம் எப்படிக் கடைவீதி ஆனது? முக்கியமான காரணம் ரயில். 1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே தி.நகருக்குள் போய்விடலாம். நகரின் எந்த மூலையிலிருந்தும், செங்கல்பட்டு பக்கமிருந்தும்கூட, ஆள் வந்து போக வசதி. 1928-ல் தொடங்கிய நல்லி போன்ற பட்டுக் கடைகளைச் சுற்றி மற்ற ஜவுளிக் கடைகள் வந்தன. நகைக் கடை வந்தது, பாத்திரக் கடை வந்தது. கல்யாணத்துக்கு வேண்டிய எல்லாமே ஒரே இடத்தில் கிடைக்கும் என்ற பெயர் வந்த பிறகு, குடியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கடையாக மாறின.

அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்காகப் போட்ட தெருக்களில் பல மாடிக் கடைகள் எழுந்தன. 2008-ல் ரங்கநாதன் தெருவில் ஒரு பெரிய கடையில் தீப்பிடித்து ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31-ம் தேதி உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை எரிந்தது. தீயை அணைக்கவே ஒரு நாளுக்கு மேல் ஆனது. கடைசியில் கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று.

கூட்டத்தைச் சமாளிக்க 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. 2023 மே மாதம் மாம்பலம் ஸ்டேஷனையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாதை வந்தது. வீட்டுக்காகத் திட்டமிட்ட ஊரை, நூறு வருடம் கழித்துக் கடைவீதிக்கு ஏற்றபடி சரி செய்கிற வேலைதான் இவை.

பெரம்பூர்: மில் மூடினால் தெரு என்ன ஆகும்?

பெரம்பூர், பட்டாளம், புளியந்தோப்பு, ஓட்டேரி. இந்த ஏரியாக்களை உருவாக்கியது வேலை. 1870-களிலும் 1880-களின் தொடக்கத்திலும் உருவான பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் இரண்டும் பின்னர் ஒன்றாகி 'பி அண்ட் சி மில்' ஆனது. ஏரியா மக்களுக்கு அது 'பின்னி மில்'.

மில்லைச் சுற்றித்தான் தொழிலாளர் வீடுகள், டீக்கடை, சாப்பாட்டுக் கடை, வட்டிக்கடை எல்லாமே. 1918-ல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான். திரு.வி.க.வும் பி.பி.வாடியாவும் அதில் முன்னின்றார்கள்.

1996-ல் மில் மூடப்பட்டது. மில் போனதும் சம்பள நாளில் களைகட்டும் கடைத்தெருவும் போனது. படித்த பிள்ளைகள் வேலை தேடி நகரின் தெற்குப் பக்கம் போக ஆரம்பித்தார்கள். மில் வளாகம் பல வருடம் சினிமா ஷூட்டிங் இடமாக இருந்தது. இப்போது அந்த நிலத்தில் உயரமான குடியிருப்புகள் வந்துகொண்டிருக்கின்றன.

இதே வட்டாரத்தில் இன்னொரு உதாரணமும் உண்டு. 1955-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை. அது மூடப்படவில்லை. வந்தே பாரத் ரயில் வரை அங்கேதான் தயாரானது. அதனால் அயனாவரம், வில்லிவாக்கம் பக்கம் ரயில்வே குவார்ட்டர்ஸும், ரயில்வே ஊழியர்களை நம்பிய கடைகளும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இரண்டும் ஒரே வட்டாரம்தான். ஆனால் வேலை நின்ற இடம் ஒரு மாதிரி ஆனது, வேலை தொடர்ந்த இடம் வேறு மாதிரி ஆனது. ஒரு ஏரியாவின் தலையெழுத்தை அங்கே இருக்கும் வேலை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கோயம்பேடு: ஊருக்கு வெளியே இருந்து நடுவுக்கு

சென்னைக்கு வேண்டிய காய்கறியும் பழமும் முன்பு ஜார்ஜ் டவுனில் உள்ள கொத்தவால் சாவடியில்தான் இறங்கும். குறுகலான தெருக்கள், லாரிகள், கை வண்டிகள் என்று எப்போதும் நெரிசல்.

அந்த நெரிசலைக் குறைக்க சி.எம்.டி.ஏ. கோயம்பேட்டில் 295 ஏக்கரில் மொத்த வியாபார வளாகம் கட்டியது. 1996-ல் மார்க்கெட் அங்கே மாறியது. 2002-ல் வெளியூர் பஸ் நிலையமும் வந்தது. 2015 ஜூன் 29-ம் தேதி சென்னையின் முதல் மெட்ரோ ரயில் ஓடியதும் கோயம்பேடு - ஆலந்தூர் இடையேதான்.

மார்க்கெட், பஸ், மெட்ரோ மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும்? லாட்ஜ், ஓட்டல், ஆம்னி பஸ் அலுவலகம், பார்சல் சர்வீஸ், மேன்ஷன். அரும்பாக்கம், விருகம்பாக்கம், நெற்குன்றம் பக்கம் வீட்டு வாடகை ஏறியது. நெரிசலைத் தவிர்க்க ஊருக்கு வெளியே கொண்டு போனது, 20 வருடத்தில் ஊருக்கு நடுவில் நெரிசலாக நின்றது.

அதனால் அடுத்த முடிவு. 2023 டிசம்பர் 30-ம் தேதி கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. தென் மாவட்ட பஸ்கள் அங்கே மாறின. கோயம்பேட்டில் பயணிகளை நம்பிப் பிழைத்த டிபன் கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், லாட்ஜ் ஊழியர் எல்லோருக்கும் வியாபாரம் குறைந்தது. வட சென்னைக்காரர்கள் பலர் தென் மாவட்ட பஸ் பிடிக்க இப்போது கூடுதல் தூரம் போக வேண்டும். இன்னொரு பக்கம் ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரியில் "பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில்" என்று மனை விளம்பரங்கள் முளைத்துவிட்டன.

கொத்தவால் சாவடிக்கு நடந்தது கோயம்பேட்டுக்கு நடந்தது. இனி ஒருநாள் கிளாம்பாக்கத்துக்கும் நடக்கலாம்.

ஓ.எம்.ஆர்.: ஒரே சாலையில் இரண்டு சென்னை

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. சுமார் 12.8 லட்சம் சதுர அடி. ஐ.டி. கம்பெனிகள் வரிசையாக வந்தன. பழைய மகாபலிபுரம் சாலை ஆறு வழிப் பாதையாகி 'ராஜீவ் காந்தி சாலை' ஆனது. 2007-ல் பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்தது. 2011-ல் மாநகராட்சி எல்லை 174 சதுர கி.மீ-லிருந்து 426 சதுர கி.மீ-ஆக விரிந்தபோது பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மாநகராட்சிக்குள் வந்தன.

நிலம் வைத்திருந்த குடும்பங்களில் பலர் விற்று வசதியானார்கள். பலர் ஆரம்பத்திலேயே குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். பின்னால் ஏறிய விலையைப் பார்த்து வருத்தப்படுவதைத் தவிர அவர்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

அதே ஓ.எம்.ஆரில், அதே 2000-ம் ஆண்டை ஒட்டி, இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர். கூவம் கரை, கால்வாய்க் கரை, சாலையோரம் என நகருக்குள் குடிசைகளில் இருந்தவர்கள் இங்கே மாற்றப்பட்டார்கள். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை சுமார் 200 சதுர அடிதான். பிறகு செம்மஞ்சேரி வந்தது. 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடும்பங்கள் ஏராளமாகப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன.

1970-ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது நோக்கம் வேறாக இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டிக் கொடுப்பதுதான் அப்போதைய வழி. நகருக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, அந்த வழி பின்னுக்குப் போனது. ஏழைகளுக்கான வீடு நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

"வீடுதான் கொடுத்தாங்களே, அப்புறம் என்ன குறை?" என்று கேட்கலாம். வீடு மாறியது, வேலை மாறவில்லை என்பதுதான் குறை. மயிலாப்பூரில் நாலு வீட்டில் வேலை செய்த பெண், நடந்தே போய் வந்தவர், இப்போது பஸ் மாறி மாறிப் போக வேண்டும். காலை ஆறு மணிக்கு வேலை என்றால் நாலரைக்குக் கிளம்பணும். பஸ் செலவும் நேரமும் போக மிச்சம் இல்லை என்று வேலையை விட்டவர்கள் உண்டு. பிள்ளைகள் பள்ளி மாறியதில் படிப்பை நிறுத்தியதும் உண்டு. அருகிலேயே அத்தனை ஐ.டி. கம்பெனிகள் இருந்தும், இங்குள்ளவர்களில் பலருக்குக் கிடைத்தது துப்புரவு வேலையும் செக்யூரிட்டி வேலையும்தான். முகவரியில் 'கண்ணகி நகர்' என்று இருந்தாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்ற குறை இளைஞர்களிடம் வெகுகாலமாக இருக்கிறது.

அந்தப் பெயரை மாற்றும் வேலையை அங்கே வளர்ந்த பிள்ளைகளே செய்கிறார்கள். 2025-ல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர் கண்ணகி நகர் கார்த்திகா. ஊர்ப் பெயரோடு சேர்த்தே நாடு அவரைக் கூப்பிட்டது. ஒரு ஏரியாவின் பெயர் கெடுவதும் மீள்வதும்கூட அதன் மாற்றத்தில் ஒரு பகுதிதான்.

நல்லா இருக்கிற வீட்டை ஏன் இடிக்கிறாங்க?

அசோக் நகர், அண்ணா நகர், மேற்கு மாம்பலம் என எந்தப் பக்கம் போனாலும் பழைய வீடுகள் இடிபடுகின்றன. வீடு பழசானது மட்டும் காரணமில்லை. எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடுதான் பெரிய காரணம். ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு சதுர அடி கட்டலாம் என்பதைச் சொல்லும் கணக்கு அது.

ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 1.5 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 3,600 சதுர அடி கட்டலாம். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில், உயரம் குறைந்த சாதாரணக் கட்டடங்களுக்கு இது 2 ஆனது. அதே மனையில் இப்போது 4,800 சதுர அடி. அதாவது அரசு ஒரு எண்ணை மாற்றியதும், பழைய வீட்டுக்கு மேலே 1,200 சதுர அடி புதிதாக 'முளைத்துவிட்டது'. அதை விற்றால் லாபம் என்று தெரிந்ததும் பில்டர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

பழைய அபார்ட்மென்ட்களுக்கும் இதே நிலைதான். 2022-ம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தாலே இடித்துக் கட்டலாம் என்று அது சொல்கிறது. இடிந்து விழும் நிலையில் இருக்கும் கட்டடங்களுக்கு இது நல்ல வழி. ஆனால் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு வயதான தம்பதிக்கு விருப்பம் இல்லாவிட்டாலும், அக்கம்பக்கத்தார் சம்மதித்தால் அவர்களும் கிளம்ப வேண்டியதுதான்.

உரிமையாளருக்கு லாபம், வாடகைக்காரருக்கு?

ஏரியா 'டெவலப்' ஆனால் சொந்த வீட்டுக்காரருக்குச் சொத்து மதிப்பு கூடுகிறது. வாடகைக்கு இருப்பவருக்கு வாடகைதான் கூடுகிறது. பூங்கா, மெட்ரோ, அகலமான நடைபாதை என்று வசதிகள் வரும்போது, பல வருடம் அவை இல்லாமல் கஷ்டப்பட்டவர் அங்கே இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2017-ல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்துப்பூர்வமாக இருக்க வேண்டும், அதை வாடகை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்யச் சொல்வதைச் சட்டம் ஏற்கிறது. ஆனால் வாடகைக்காரர் மறுத்தால், அவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். திடீரென்று சாமானைத் தூக்கி வெளியே வைக்க முடியாது. ஒப்பந்தம் கையில் இல்லாதவருக்கு இதையெல்லாம் கேட்டு வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ம் ஆண்டு மத்திய அரசின் சாலையோர வியாபாரிகள் சட்டம் இருக்கிறது. முறையான கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அடையாள அட்டை வைத்திருப்பவருக்குப் பேச ஒரு பிடி இருக்கும்.

தண்ணிக்கு மறதி கிடையாது

மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது, கரை கட்டிய ஏரி இல்லை. பெயர் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தால், மழைக்காலத்தில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வருகிறது.

தென் சென்னையின் மழைநீரை வாங்கிக்கொள்ளும் பள்ளிக்கரணை சதுப்புநிலம், குப்பைக் கிடங்கு, சாலை, கட்டடம் என்று தன் பெரும்பகுதியை இழந்துவிட்டது. மிச்சம் இருப்பதற்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் மக்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லி அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள், சதுப்புநிலத்தின் ஓரத்தில் மறுபடியும் வெள்ளத்தைப் பார்த்தன.

அடுத்து எந்த ஏரியா?

மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி 100 கி.மீ-க்கு மேல் நடக்கிறது. மாதவரம் - சிறுசேரி வழித்தடம் பெரம்பூர், மயிலாப்பூர், துரைப்பாக்கம் வழியாகப் போகிறது. கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி வழித்தடம் பனகல் பூங்கா, வடபழனி, போரூர் வழியாக. மாதவரம் - சோழிங்கநல்லூர் வழித்தடம் கோயம்பேட்டைத் தொடுகிறது. அதாவது இந்தக் கட்டுரையில் வந்த ஏரியாக்களில் பலவும் அடுத்த பத்து வருடத்தில் இன்னொரு முறை மாறப் போகின்றன.

உங்க ஏரியாவில் என்ன கவனிக்கணும்?

• ஸ்டேஷன், பஸ் நிலையம், அகலச் சாலை என்று அறிவிப்பு வந்தால் வாடகை அப்போதே ஏற ஆரம்பிக்கும். வேலை முடியும் வரை காத்திருக்காது.

• வாடகை வீட்டில் இருந்தால் ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துகொள்வது நல்லது. எத்தனை மாத நோட்டீஸ் என்பது அதில் இருக்க வேண்டும்.

• அபார்ட்மென்ட் என்றால் பத்திரத்தில் யு.டி.எஸ். எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். இடித்துக் கட்டும்போது பேரம் பேச அதுதான் ஆதாரம்.

• மனை வாங்கும் முன் பழைய வரைபடத்தில் அங்கே ஏரி, வாய்க்கால் இருந்ததா என்று விசாரியுங்கள். அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

• முழுமைத் திட்டம், சாலை விரிவாக்கம் பற்றி சி.எம்.டி.ஏ.வும் மாநகராட்சியும் கருத்துக் கேட்கும் கூட்டங்களை நடத்தும்போது போய்ப் பேசுங்கள். முடிவு எடுத்த பிறகு பேசினால் இழப்பீடு பற்றித்தான் பேச முடியும்.

1920-களில் ஏரியைத் தூர்த்து நகர் அமைத்தவர்கள், நூறு வருடம் கழித்து அங்கே இவ்வளவு கூட்டம் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். இன்று எடுக்கிற முடிவுகளுக்கும் அதே கதைதான். அதில் வாடகைக்காரரும், நடைபாதைக் கடைக்காரரும், ஆற்றங்கரைக் குடும்பமும் கணக்கில் வருகிறார்களா என்பதைப் பொறுத்துத்தான், புது ஸ்டேஷன் திறக்கும் நாளில் அந்தத் தெருவில் யார் இருப்பார்கள் என்பது முடிவாகும்.